வால்ப்ரோயேட் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு மருந்துக்கு மாறலாமா?

கேள்வி இது: "வயது 27. மூன்று வருடத்துக்கு முன் மேனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பைபோலார் என்றார்கள். அன்றிலிருந்து தினமும் வால்ப்ரோயேட் 1000 மி.கி., ரிஸ்பெரிடோன் 2 மி.கி. இப்போது நன்றாக இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ஆனால் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. உடம்பு போட்டுவிட்டது. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். டாக்டர், லித்தியத்துக்கோ லாமோட்ரிஜினுக்கோ மாறலாம் என்கிறார். லித்தியம் எடுத்தால் கிட்னி போய்விடும் என்கிறார்களே? அம்மா, 'மூணு வருஷமா ஒண்ணும் இல்லையே, எல்லாத்தையும் நிறுத்திடு' என்கிறார். என்ன செய்யலாம்?"

நான் மனநல மருத்துவன். பைபோலார் என்பது மனம் சில காலம் மேனியா என்ற அளவுமீறிய எழுச்சிக்கும், சில காலம் சோர்வுக்கும் போகும் நோய். வால்ப்ரோயேட், லித்தியம், லாமோட்ரிஜின் மூன்றும் மனநிலையைச் சமன்படுத்தும் மருந்துகள், ரிஸ்பெரிடோன் மேனியாவை அடக்கும் வேறு வகை மருந்து. உங்களை நேரில் பார்க்காமல் உங்கள் டோஸைத் தீர்மானிக்க முடியாது, அது உங்கள் டாக்டரின் வேலை. ஆனால் இந்த மாற்றம் எப்படி நடக்கும், எந்த இடத்தில் கவனம் தேவை என்பதை விரிவாகச் சொல்ல முடியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வால்ப்ரோயேட்டிலிருந்து நீங்கள் மாறத்தான் வேண்டும். ஆனால் புது மருந்து உடம்பில் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் பழைய மருந்தில் கை வைக்க வேண்டும். அந்த வரிசை மாறினால் மூன்று வருடம் கட்டிக் காத்த நலம் சில வாரங்களில் போய்விடும்.

ஏன் மாறத்தான் வேண்டும்? முடியும் எடையும் மட்டும் காரணமாக இருந்தால் டோஸைக் குறைத்துப் பார்க்கலாம், பொறுத்துப் பார்க்கலாம் என்று பேச இடம் உண்டு. ஆனால் உங்களுக்கு 27 வயது, திருமணம் பேசுகிறார்கள். கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் எடுத்த பெண்களின் குழந்தைகளில் ஏறக்குறைய 10-இல் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. பொதுவாக 100-க்கு இரண்டு மூன்று என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு அதிகம் என்று தெரியும். உடலளவில் குறையில்லாமல் பிறக்கும் குழந்தைகளிலும் 10-இல் மூன்று நான்கு பேருக்குப் பேச்சு, படிப்பு, வளர்ச்சியில் தாமதம் தெரிகிறது. ஆட்டிசமும் கூடுதலாக வருகிறது. வால்ப்ரோயேட் பாதிக்கும் இடங்களில் ஒன்று, கருவில் மூளையும் முதுகுத்தண்டு நரம்பும் உருவாகும் நரம்புக்குழாய். கருத்தரித்த 28 நாளுக்குள் அது மூடிவிடும். பெரும்பாலான பெண்களுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருப்பதே தெரியும். உங்களைப் போல மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு அப்போதும் தெரியாது. போலிக் ஆசிட் என்ற வைட்டமின் நல்லதுதான், அவசியம் எடுங்கள். ஆனால் அதை எடுத்துக்கொண்டால் வால்ப்ரோயேட்டின் ஆபத்து நீங்கிவிடும் என்று நம்ப வேண்டாம்.

இதனால்தான் 2018-இல் ஐரோப்பிய நாடுகள் கர்ப்பத் தடுப்புத் திட்டம் இல்லாமல் இளம் பெண்களுக்கு இந்த மருந்தைத் தரக்கூடாது என்று கட்டுப்படுத்தின. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் 55 வயதுக்குக் குறைந்த யாருக்கும், ஆணோ பெண்ணோ, இரண்டு நிபுணர்கள் ஒப்புக்கொண்டாலொழிய புதிதாகத் தொடங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2023-இல், கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் என்கோரேட், வால்பாரின் என்று பல பெயர்களில் சர்வசாதாரணமாகக் கிடைப்பதால் இது ஏதோ லேசான மருந்து என்ற எண்ணம் இருக்கிறது. கடும் மேனியாவை வேகமாக அடக்க இது நல்ல மருந்து. அன்று உங்களுக்குக் கொடுத்ததில் தவறில்லை. இன்றைய தேவை வேறு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாற்றம் முடிவதற்குள் நாள் தள்ளிப்போனால் பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அன்றே சோதித்துப் பார்த்து, அடுத்த நாளே டாக்டரைப் பாருங்கள்.

சரி, எந்தத் தொல்லைக்கு எந்த மருந்து காரணம்? பெரும்பாலோர் எல்லாப் பழியையும் ஒரே மாத்திரையின் மேல் போடுவார்கள். உங்கள் சீட்டில் இரண்டு இருக்கின்றன. முடி கொட்டுவதற்குப் பெரும்பாலும் வால்ப்ரோயேட்தான் காரணம். இது வேர் அழியும் வழுக்கை கிடையாது. டோஸ் குறைந்தால் அல்லது மருந்து நின்றால் சில மாதங்களில் திரும்ப முளைக்கும், சிலருக்குச் சுருட்டையாகக்கூட. ஆனாலும் தைராய்டையும் ரத்தத்தில் இரும்புச்சத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதால், மாத்திரை மேல் பழி போட்டு அதை விட்டுவிடுவது நடக்கிறது.

எடைக்கு இரண்டு மருந்துகளுமே காரணமாக இருக்கலாம்.

மாதவிலக்கு விஷயத்தில் நிதானம் வேண்டும். வால்ப்ரோயேட் சினைப்பையில் நீர்க்கட்டிகளோடு வரும் பி.சி.ஓ.எஸ். போன்ற கோளாறைக் கொண்டுவருவது உண்மை. பேச்சு வழக்கில்தான் இதைக் கருப்பைக் கட்டி என்கிறோம். பைபோலார் உள்ள பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வால்ப்ரோயேட் எடுத்தவர்களில் 10.5 சதவீதத்தினருக்கு மாதவிலக்குக் கோளாறும் ஆண் ஹார்மோன் மிகுதியும் புதிதாக வந்தன. மற்ற மருந்து எடுத்தவர்களில் அது 1.4 சதவீதம்தான். ஆனால் உங்கள் சீட்டில் உள்ள ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றும். அது ஏறினாலும் மாதவிலக்கு தள்ளிப்போகும், சிலருக்கு மார்பில் பால் கசியும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் வால்ப்ரோயேட்டை மட்டும் மாற்றினால், எல்லாம் முடிந்த பிறகும் மாதவிலக்கு சரியாகாமல் நீங்கள் மனம் உடைந்து போவீர்கள். அதனால் அடுத்த முறை போகும்போது புரோலாக்டின், தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், தட்டணுக்கள் எல்லாம் சேர்த்து ஒரே முறையாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேனும்.

புரோலாக்டின் ஏறியிருந்தால் ரிஸ்பெரிடோனையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் தொடக்கூடாது. தொட்டால், தூக்கம் கெட்டாலும் எரிச்சல் வந்தாலும் எதனால் என்று யாருக்கும் புரியாது. என் பழக்கம், முதலில் மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தை மாற்றுவது. அதுவரை ரிஸ்பெரிடோன் காவலுக்கு இருக்கட்டும். புது மருந்து நிலைத்த பிறகு, புரோலாக்டினை ஏற்றாத அரிப்பிப்ரசோல், க்வெட்டியாபின் போன்ற ஒன்றுக்கு அதை மாற்றுவது பற்றிப் பேசலாம், அல்லது மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். இவற்றுக்கும் குறைகள் உண்டு. அரிப்பிப்ரசோல் சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பைத் தரும், க்வெட்டியாபின் எடையை ஏற்றும்.

இப்போது முக்கியமான கேள்வி: லித்தியமா, லாமோட்ரிஜினா?

இதற்கு விடை உங்கள் நோயின் போக்கில் இருக்கிறது. உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தது மேனியா. லாமோட்ரிஜின் மனச்சோர்வு திரும்ப வராமல் தடுப்பதில் நல்லது, மேனியாவைத் தடுப்பதில் பலவீனமானது. மேனியா முக்கியமாக இருந்து, அவ்வப்போதுதான் சோர்வு வரும் என்றால் லித்தியம்தான் என் முதல் தேர்வு. மாறாக, அந்த ஒரு மேனியா போக மற்ற நாளெல்லாம் சோர்வுதான் என்றால் லாமோட்ரிஜின் பொருந்தும், கூடவே மேனியாவுக்குக் காவலாக இன்னொரு மருந்து தேவைப்படலாம். உங்கள் கடிதத்தில் சோர்வைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கடந்த வருடங்களில் வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், எழுந்திருக்கவே முடியாமல் கிடந்த காலம் இருந்ததா என்று யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள். பலர் அதை நோயாகவே எண்ணுவதில்லை, "சோம்பேறித்தனம்" என்று தங்களையே திட்டிக்கொண்டு கடந்துவிடுகிறார்கள்.

கார்பமசிபைன் என்ற மூன்றாவது பெயரும் காதில் விழலாம். உங்கள் நிலையில் நான் அதை எழுத மாட்டேன். அதுவும் கருவுக்கு உகந்ததல்ல, கருத்தடை மாத்திரையின் வேலையையும் கெடுக்கும், ரிஸ்பெரிடோனின் அளவையும் குறைத்துவிடும்.

லித்தியத்துக்கு மாறினால் பலம் குறைந்த மருந்துக்குப் போகிறோமோ என்ற கவலை வேண்டாம். 2010-இல் வெளியான பேலன்ஸ் என்ற ஆய்வில் 330 பேரை இரண்டு வருடம் வரை பின்தொடர்ந்தார்கள். வால்ப்ரோயேட் மட்டும் எடுத்தவர்களில் 69 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது, லித்தியம் மட்டும் எடுத்தவர்களில் 59, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 54. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் லித்தியத்துக்கு இருக்கும் சான்று இந்த வரிசையில் வேறெந்த மருந்துக்கும் இல்லை. 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இதை மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இன்றுவரை இதன் நல்லது கெட்டது எல்லாம் அலசப்பட்டுவிட்டன. அதனால்தான் இதன் பக்க விளைவுகளைப் பற்றி இவ்வளவு பேச்சும்.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். முற்றிலும் பொய்யான பயம் என்று சொல்ல மாட்டேன். பல ஆண்டுகள், பத்து இருபது வருடம் எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத்தின் வேலை மெல்லக் குறைகிறது. ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி நச்சாகும் நிகழ்வுகள் ஒவ்வொன்றும் அந்தச் சேதத்தைக் கூட்டும். அளவைக் கீழ்ப்பக்கமாக, லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம் பார்த்துவந்தால், ஏதாவது மாறத் தொடங்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். தைராய்டு குறைவது பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். அதற்கு மாத்திரை இருக்கிறது, அதற்காக லித்தியத்தை நிறுத்தத் தேவையில்லை.

மாற்றம் இப்படித்தான் நடக்கும். முதலில் கிரியாட்டினின், தைராய்டு, கால்சியம், எடை, கர்ப்பப் பரிசோதனை. இதயத்தில் பிரச்சினை இருந்தால் இ.சி.ஜி. பிறகு வால்ப்ரோயேட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் லித்தியத்தைக் குறைந்த அளவில், பெரும்பாலும் இரவில் 300 அல்லது 400 மி.கி., தொடங்குவார்கள். ஐந்து முதல் ஏழு நாள் கழித்து ரத்தத்தில் அளவு பார்ப்பார்கள். தேவைக்கு ஏற்ப டோஸ் கூட்டி மறுபடி பார்ப்பார்கள். அளவு சரியான இடத்துக்கு வந்து, சில வாரம் அங்கேயே நின்று, நீங்களும் நன்றாக இருக்கிறீர்கள் என்றால்தான் வால்ப்ரோயேட்டில் 200 அல்லது 250 மி.கி. குறையும். ஒன்றிரண்டு வாரம் பொறுத்து அடுத்தது. மொத்தத்தில் இரண்டு மூன்று மாதம் ஆகும். இந்தக் காலத்தில் இரண்டு மருந்தின் தொல்லையும் சேர்ந்து இருக்கும். கை நடுக்கம் முன்பைவிடக் கூடும், ஏனென்றால் இரண்டுமே நடுக்கம் தருபவை. "மாத்தினதுக்கு அப்புறம் இன்னும் மோசமாயிடுச்சே" என்று பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். அது இடைக்காலத் தொல்லை, வால்ப்ரோயேட் இறங்க இறங்கக் குறையும். மெல்லிய நடுக்கம் மிஞ்சினால் டோஸைச் சரிசெய்யலாம். ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு ப்ரொப்ரனலால் என்ற மாத்திரையும் உதவும்.

ரத்தம் கொடுப்பதில் சில்லறையாகத் தோன்றும் இரண்டு விஷயங்கள் முடிவையே மாற்றிவிடும். ஒன்று நேரம். கடைசி மாத்திரை எடுத்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு. காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான். இன்னொன்று, ரத்தம் பிடிக்கும் குழாய். லேப்களில் பயன்படும் ஒருவகைப் பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவியிருப்பார்கள். அதில் எடுத்தால் இல்லாத லித்தியத்தைக்கூட இருப்பதாகக் காட்டும். லித்தியம் அளவுக்குத்தான் எடுக்கிறீர்கள் என்பதை ரத்தம் எடுப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

நம் வெயிலில் லித்தியத்தோடு வாழ்வதற்குச் சில பழக்கங்கள் தேவை. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அளவு ஏறிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் அலைவது, வாந்தி பேதி, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், அப்பாவுக்கு பிரஷர் என்று வீடே திடீரென்று உப்பைக் குறைப்பது, எல்லாம் இதில் சேரும். தினமும் நாலைந்து டம்ளர் காபி குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினாலும் அளவு ஏறும். உப்பு, காபி எல்லாம் வழக்கம்போல, ஒரே சீராக இருக்கட்டும். வலி மாத்திரைதான் நான் அதிகம் பயப்படுவது. மாதவிலக்கு வலிக்கும் முட்டி வலிக்கும் மெடிக்கலில் கேட்டதும் எடுத்துக்கொடுக்கும் டைக்லோபினாக், ஐபுப்ரொபேன், அசிக்லோபினாக் எல்லாமே லித்தியத்தின் அளவை ஏற்றும். பாரசிட்டமால் எடுக்கலாம். சில பிரஷர் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், லித்தியம் எடுப்பதைச் சொல்லுங்கள். கை பெரிதாக உதறுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வாந்தி பேதியோடு மந்தமாவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை லித்தியம் மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் அளவு பார்க்க வேண்டும். மாத்திரையை உங்கள் விருப்பத்தில் நிறுத்தக்கூடாது என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு.

கர்ப்பத்தில் லித்தியம் முழுக்கப் பாதுகாப்பானதா என்றால், இல்லை. ஆனால் வால்ப்ரோயேட்டோடு ஒப்பிடவே முடியாது. 2017-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், தொடக்க மாதங்களில் லித்தியம் எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் 100-க்கு சுமார் 2.4 பேருக்கு இதயக் குறைபாடு இருந்தது, எடுக்காதவர்களிடம் 1.2. டோஸ் கூடக்கூட ஆபத்தும் கூடியது. லாமோட்ரிஜின் இந்த விஷயத்தில் இன்னும் மேல், பிறவிக் குறைபாடு பொதுவான அளவுக்கு அருகிலேயே இருக்கிறது. உங்கள் டாக்டர் இந்த இரண்டு பெயரையும் சொன்னது தற்செயல் இல்லை.

இனி லாமோட்ரிஜின். எடை ஏறாது, தூக்கக் கலக்கம் வராது, ரத்த அளவு பார்க்கும் அலைச்சல் இல்லை, பெரும்பாலோருக்கு எதுவும் எடுப்பது போலவே இருக்காது. இதன் ஆபத்தெல்லாம் தொடக்கத்தில் இருக்கிறது. வேகமாக ஏற்றினால் தோலில் கடும் எதிர்வினை வரும். 100 பேரில் 10 பேருக்கு ஏதோ ஒரு தடிப்பு வரலாம், அதில் பெரும்பாலானவை சாதாரணம். ஆயிரத்தில் ஒருவர் அளவில் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற, தோலும் வாயும் கண்ணும் புண்ணாகி உரியும் நிலை வரும். அது உயிருக்கே ஆபத்து. அதைத் தவிர்க்கத்தான் ஆமை வேகம்.

உங்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வால்ப்ரோயேட் லாமோட்ரிஜினை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் அதன் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். அதனால் உங்களுக்கு டோஸ் வழக்கத்தில் பாதி. மற்றவர்கள் தினம் 25 மி.கி.யில் தொடங்கினால், வால்ப்ரோயேட் எடுப்பவர் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மி.கி., இரண்டு வாரம். அடுத்த இரண்டு வாரம் தினம் 25. ஐந்தாவது வாரம் 50. அப்புறம் 100. அங்கே நிறுத்தி, வால்ப்ரோயேட்டைக் குறைப்பார்கள். அது முழுதாக நின்றதும் லாமோட்ரிஜினின் அளவு தானாகவே பாதியாக இறங்கிவிடும். அதனால் அதை ஈடுகட்ட 150, பிறகு 200 என்று ஏற்றுவார்கள். இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டால் சீட்டில் லாமோட்ரிஜின் இருக்கும், உடம்பில் போதுமான அளவு இருக்காது. நோய் திரும்பினால் "இந்த மாத்திரை கேட்கவில்லை" என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். வால்ப்ரோயேட் நின்ற பிறகு என்ன டோஸ் என்று தொடக்கத்திலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து நாளுக்கு மேல் லாமோட்ரிஜினை விட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடாது. மறுபடி முதல் படியிலிருந்துதான். ஊருக்குப் போனபோது மறந்துவிட்டேன் என்று 200 மி.கி.யை நேராகப் போடுவது ஆபத்து. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இதன் அளவைப் பாதியாக்கும். மாதவிலக்கை ஒழுங்குபடுத்த என்று மகப்பேறு டாக்டர் எழுதித்தரும் மாத்திரையும் பெரும்பாலும் அந்த வகைதான். பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு அதைத் தொடங்கினாலோ நிறுத்தினாலோ மனநல டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

தடிப்பு பற்றி நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. காய்ச்சலோடு உடம்பில் தடிப்பும் வாயில் புண்ணும் வந்தால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் தோன்றுவது அம்மை. வேப்பிலை கட்டி, இளநீர் கொடுத்து, ஊசி மருந்து எதுவும் கூடாது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். சிலர் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள், சிலர் தொடர்வார்கள். லாமோட்ரிஜின் தொடங்கி முதல் இரண்டு மாதத்துக்குள் இப்படி வந்தால் அம்மை என்று முடிவுகட்டவே கூடாது. லாமோட்ரிஜினை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது இரண்டாவது விதிவிலக்கு. இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் காய்ச்சலோடு கிடக்கும் உங்களால் வாதாட முடியாது.

மாற்றக் காலத்தில் நோய் திரும்புகிறதா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? தூக்கம். மேனியா கிளம்பும்போது பெரும்பாலோருக்கு முதலில் குறைவது அதுதான், குறைந்தும் களைப்பே இருக்காது. நாலு மணி நேரம் தூங்கி எழுந்து சுறுசுறுப்பாக வீடு முழுக்கத் துடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஒரு நோட்டில் தினமும் தூங்கிய நேரம், மனநிலைக்கு ஒரு மதிப்பெண், போட்ட மாத்திரை, மாதவிலக்குத் தேதி மட்டும் குறித்தால் போதும். மேனியா வரும்போது நமக்கு அது தெரியாது, சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் வீட்டில் ஒருவர், அக்காவோ அண்ணனோ அம்மாவோ, "நீ சரியில்லை, டாக்டரிடம் போகலாம்" என்று சொன்னால் மறுக்க மாட்டேன் என்று இப்போதே அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் கல்யாணத் தேதி. முதல் நாள் மாலை ரிசப்ஷன், இரவு பதினொன்று வரை போட்டோ, விடியற்காலை மூன்றுக்கு எழுந்து அலங்காரம், 4.30-க்கு முகூர்த்தம், அடுத்தடுத்து மறுவீடு, விருந்து. பைபோலார் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே மேனியாவைக் கிளப்பும். மருந்து பாதி மாறிய நிலையில் இதைச் சந்திக்கக்கூடாது. மாற்றம் முழுதாக முடிந்து குறைந்தது மூன்று நான்கு மாதம் நிலையாக இருந்த பிறகு தேதி வைத்தால் நல்லது. காலை ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம் பார்க்கச் சொல்லுங்கள், அப்படியும் நாள் கிடைக்கத்தான் செய்கிறது.

அம்மாவுக்கு என்ன சொல்வது? மூன்று வருடமாக ஒன்றும் இல்லாததற்கு மாத்திரைதான் காரணம் என்று சொன்னால் எல்லா அம்மாக்களும் ஏற்றுக்கொள்வதில்லை. மகள் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டுமே என்ற வேதனையில் அவர் அப்படிச் சொல்கிறார். அடுத்த முறை அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். நீங்கள் சொல்வதைவிட டாக்டர் சொல்வது எடுபடும். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து, மெல்லக் குறைப்பதைவிட அதிகம். லித்தியத்தில் இது மிகத் தெளிவாகத் தெரிந்த விஷயம். நிறுத்திய சில மாதங்களுக்குள் மேனியா வருகிறது, தற்கொலை ஆபத்தும் அப்போது கூடுகிறது. அதனால் லித்தியத்தை என்றாவது நிறுத்த நேர்ந்தால் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு இறக்க வேண்டும். பைபோலார் உள்ள பெண்களுக்குப் பிரசவத்துக்கு அடுத்த சில வாரங்கள் மிக ஆபத்தான காலம். மருந்தில்லாமல் அந்தக் கட்டத்துக்குப் போவதை அம்மாவும் விரும்ப மாட்டார், விஷயம் புரிந்தால்.

மாப்பிள்ளையிடம் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: நிச்சயத்துக்கு முன் சொல்லுங்கள். மறைத்துக் கல்யாணம் செய்த பெண்கள் மாத்திரையை எங்கே வைப்பது, எப்போது போடுவது என்று தவித்து, முதல் மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். லித்தியமோ லாமோட்ரிஜினோ அப்படி விட்டு விட்டுப் போடும் மருந்துகள் இல்லை.

மாறிய பிறகு எது எப்போது சரியாகும் என்ற எதிர்பார்ப்பும் சரியாக இருக்க வேண்டும். முடி மூன்று முதல் ஆறு மாதத்தில் தேறும். மாதவிலக்கு பலருக்குச் சில மாதங்களில் ஒழுங்காகிறது. ஆகவில்லை என்றால் மகப்பேறு டாக்டரிடம் போக வேண்டும், காத்திருக்க வேண்டாம். எடை தானாக முழுதும் இறங்காது. ஏறுவது நிற்கும், இறக்குவதற்கு நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வேண்டும், தேவையானால் மெட்பார்மின் என்ற மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். லித்தியமும் சிலருக்குக் கொஞ்சம் எடை ஏற்றும். அது தரும் தாகத்துக்குக் கூல்டிரிங்கும் ஜூஸும் குடிப்பது இதில் ஒரு காரணம், தண்ணீரோ மோரோ குடியுங்கள்.

அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குகிறீர்கள் என்றால், புது மருந்து அங்கே மாதா மாதம் தடையில்லாமல் கிடைக்குமா என்று தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியில் வாங்க வேண்டியிருந்தால் பத்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். நடுவில் தூக்கமோ மனமோ கெட்டு உங்கள் டாக்டரைப் பிடிக்க முடியவில்லை என்றால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், லித்தியம் நச்சு அறிகுறியோ தோல் உரிவதோ தெரிந்தால், போனில் பேசிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போகும்போது மாத்திரை அட்டைகளையும் கடைசிச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து எந்த அளவில் எப்போது மாறியது என்பதுதான் அங்கே இருக்கும் டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது.